ஒரு புள்ளியும் விழாத ஒழுங்கை

என் கையெழுத்து கோணல்; எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வெட்கம், அதனால்தான் எழுதுகிறேன்.

நாவற்குடாவில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒடுங்கிய தெருவான ஒழுங்கையில் எங்கள் வீடு. அடுத்த வளவு மனைவியின் தங்கச்சியுடையது. போன மாரிக்கு முன் கம்பஸில் படிப்பிக்கும் ஒரு பெண் வந்து, வெள்ளம் வந்தால் அவரவர் வாசலைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். படம் எடுத்த இடத்தில், வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி விழும். ஊரார் போடும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் வடிகான் எங்கே வெட்டுவது என்று மாநகர சபை தீர்மானிக்குமாம்.

மார்கழியில் வெள்ளம் வந்தது. தங்கச்சி வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே போனது. நான் அங்கே நின்று படம் எடுத்தபோது அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

“அத்தான், அதை அனுப்பிப் போடாதீங்க. இது பிள்ளைக்குக் குடுக்கிற வீடு. ஒரு புள்ளி விழுந்தாலும் வெள்ளக்காட்டு வீடெண்டு ஒருத்தனும் வரமாட்டான்.”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒழுங்கையில் அநேகமாக எல்லார் வீட்டிலும் பெண்பிள்ளைகள். யாரும் யாரிடமும் கேட்காமலே, ஒருவரும் அனுப்பவில்லை. என் படமும் போனிலேயே கிடந்தது.

ஆவணியில் தங்கச்சியின் மகளைப் பெண் கேட்டுக் கொக்கட்டிச்சோலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் அந்த வரைபடத்தைப் போனில் திறந்து வைத்திருந்தார்.

“சுத்திவர நீலம். இந்த ஒழுங்கை மட்டும் வெள்ளை. நல்ல மேட்டுக் காணி.”

தங்கச்சி சிரித்துக்கொண்டே தேத்தண்ணி நீட்டினாள். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். தையில் கல்யாணம் என்று பேசி முடிந்தது.

புரட்டாதியில் வாசிகசாலையில் கூட்டம். அதே கம்பஸ் பெண் திட்டத்தைச் சுவரில் காட்டினார். மேல் தெருக்களின் தண்ணீரெல்லாம் ஒரு வடிகானில் சேர்ந்து எங்கள் ஒழுங்கையால் வாவிக்கு இறங்குகிறது.

“இந்தப் பக்கம் தண்ணி நிக்கிறதில்லைதானே? ஒரு புள்ளியும் இல்லை. பிழையெண்டா இந்த மாதம் முடியமுதல் படம் அனுப்புங்க.”

“அவங்க நுவரெலியா மலையில இருக்கிற ஆக்கள்தானே, பிள்ளை,” என்றார் மேல் தெருக்காரர் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஒழுங்கையாரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் எழும்பவில்லை.

மாரியில் வாவியே நிறைந்து நிற்கும். அந்தத் தண்ணீரும் வந்தால் எங்கள் வீடுகளுக்குள்தான் ஏறும். மனைவியிடம் சொன்னேன்.

“விடிஞ்சா தங்கச்சிட முகத்தில முழிக்கிறது நான். நீங்க சும்மா இருங்க.”

அடுத்த நாள் பின்னேரம் தங்கச்சியின் மகள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவள். வாளியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும் பெரியப்பா. அந்த வெள்ளத்துக்க பாய் தலையணை தூக்கினது நான்தானே. இஞ்ச வந்த முதல் மாரியே அவர் முழங்கால் தண்ணிக்க நிண்டா, என்ட முகத்தைத்தானே பாப்பார்?”

“கல்யாணம் குழம்பினா, பிள்ளை?”

“குழம்பவேணும் எண்டு எனக்கு ஆசையா? போனைத் தாங்க.”

கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் படத்தைத் தேடி அனுப்பினாள். அவளுடைய வீட்டின் மேல் நீலப் புள்ளி விழுந்தது. பிறகு, நான் நிற்கும்போதே, மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொன்னாள். அண்ணனோடு கதைத்துவிட்டுச் சொல்வதாக அவர் சொன்னாராம்.

பொழுதுபட முன்னம் தங்கச்சி வேலியடிக்கு வந்து மனைவியிடம் கேட்டாள்: “அக்கா, உன்ட புருசனுக்கு இப்ப சந்தோசமாமா?”

நான் உள்ளேதான் இருந்தேன். வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வளவுக்கும் நடுவில் நாங்கள் போய்வரும் வேலிக் கடப்பைக் கயிற்றால் கட்டிவிட்டாள். மனைவி சோறு போடுகிறாள், என்னோடு கதைப்பதில்லை. ஒழுங்கையில் வேறு சில புள்ளிகளும் விழுந்திருக்கின்றன. யார் போட்டது என்று ஒருவரும் சொல்வதில்லை. திட்டத்தைத் திரும்ப வரைவதாகக் கம்பஸ் பெண் அறிவித்திருக்கிறார்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னும் பதில் இல்லை. மழை தொடங்கிவிட்டது. பிள்ளை போனை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பது இங்கிருந்து தெரிகிறது. போய்ப் பக்கத்தில் இருக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஐப்பசி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.