மதுரன் வைக்காத எண்கள்

பேய் என்றால் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் இது போன ஐப்பசியில் வட்டகொடையில், அதுவும் பட்டப்பகலில் நடந்தது. மதுரனிடமே கேட்டுப் பாருங்கள். அவன் புளுகக்கூடத் தெரியாத ஆள்.

அன்று ஐந்து மணிக்குள் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு இரண்டு நிமிட அனிமேஷன் படம் செய்து அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் வேலை. வேலை கிடைத்தால் அவன் அம்மா மீனம்மா வீங்கிய முழங்காலோடு தேயிலைக் கொழுந்து பறிக்க மலை ஏற வேண்டாம்.

"அஞ்சுக்குள்ள முடிச்சுருவியாடா?" பகல் சாப்பாடு முடித்து மலைக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டார்.

"முடிச்சுருவேம்மா."

வாய்தான் சொன்னது. கம்ப்யூட்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்காகவே முதல்நாள் ஹட்டனில் கஜேந்திரனின் கடையில் பாவித்த மெமரி இரண்டு வாங்கி வந்து பொருத்தியிருந்தான். அதுவும் போதவில்லை. அதன் வேகத்தை இன்னும் முறுக்கப் பார்த்தான்.

மெமரியில் வேகம் ஒன்று, காத்திருப்பு ஒன்று. கொழுந்து பறிக்கிற கை எவ்வளவு பறந்தாலும் நிறுவையில் காக்கவைத்தால் என்ன லாபம்? அதற்காகக் காத்திருப்பை ரொம்பக் குறைக்கவும் முடியாது. வேகம் கூடினால் அதையும் கொஞ்சம் கூட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் குழம்பி நின்றுவிடும். மதுரனுக்குப் பேராசை. வேகம் 3600, காத்திருப்பு 16 என்று வைத்தான்.

பிற்பகல் 2.10. திரை நீலமாகி அணைந்தது.

2.25. காத்திருப்பை 18 ஆக்கி மறுபடியும் இயக்கினான். திரையில் 3466 என்றும் 17 என்றும் இருந்தது. அவசரத்தில் பிழையாக அடித்துவிட்டோம் என்று நினைத்துத் திருத்தினான். சோதனை ஓட்டினான். பிழை. திரும்ப இயக்கினான்.

3466. 17.

தோட்டத்து லயத்து வீடுகளில் ஆளரவம் இல்லை. எல்லோரும் மலையில். வாசலில் பனிமூட்டம் அடைத்து நின்றது.

3.05. செட்டிங் திரையைத் திறந்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

டக்.

கீபோர்டில் ஒரு விசையும் அசையவில்லை. சத்தம் மட்டும்...

டக்... டக்...

காத்திருப்புக்குள் இருக்கும் நான்கு உள்ளெண்களும் ஒவ்வொன்றாக மாறின. 17. 19. 19. 37.

நின்றது. யாரோ யோசிப்பது போல...

டக். 37 இருந்த இடத்தில் 38.

மயிர் கருகிய வாடை.

"யாரு?"



எழுந்து ஓட நினைத்தான். ஆனால் ஐந்து மணி? அம்மாவின் முழங்கால்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சோதனை ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. படம் 4.52க்குத் தயாரானது. திறந்தும் பார்க்காமல் அனுப்பினான்.

5.20. கஜேந்திரன் போனில் வந்தார்.

"மதுரன், மன்னிச்சுக்கடா. பை மாறிப் போச்சு. ஒனக்கு எடுத்து வச்ச மெமரி இங்கதான் கெடக்கு. நீ கொண்டுபோனது எரிஞ்சுபோன சாமான். ஓடாது."

"ஓடுச்சேண்ணே..."

"எப்புடிடா ஓடும்? பட்டிப்பொல சின்னராசாவோடது. அவனும் ஒன்னைய மாதிரி படம் செய்றவன்தான். கீபோர்டுல கை வச்சபடியே இடி விழுந்து போய்ட்டான். கருமாதி முடியுமுன்ன கம்ப்யூட்டர வித்தது தப்புன்னு வீட்ல ஏச்சாம். இன்னைக்குப் பதினாறாம் நாள். படையல்ல வைக்கணும்னு அவன் தம்பி தேடி வந்து நிக்கிறான்."

மதுரன் மெமரியைக் கழற்றி, மேலே இருந்த தகட்டைப் பிரித்தான். உள்ளே கன்னங்கரேலென்று கருகியிருந்தது. தொட்டான். சில்லென்று இருந்தது.

அன்றைக்கே ஹட்டன் பஸ் ஏறி அதைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

வேலை கிடைத்தது. அம்மா இப்போது மலை ஏறுவதில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள் கம்பனி மேலாளர் அவன் முதுகில் தட்டிப் பாராட்டினார். எல்லாவற்றையும் விடக் கடைசிக் காட்சிதான் பிரமாதமாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன்மேல் மின்னல் இறங்குகிற அந்த இடம்.

மதுரன் செய்த படத்தில் மின்னலும் இல்லை, பையனும் இல்லை.