மூன்று மணி அலாரம்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, ஈப்போ புந்தோங்கில், விவியன் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது இது.

விவியனின் மகள் ஜானிஸ் பள்ளியில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். வெள்ளிக்கிழமை டாக்டர் தக்ஷாயினி, இருபத்து நான்கு மணி நேரத் துடிப்பைப் பதியும் கருவியை அவள் நெஞ்சில் ஒட்டிவிட்டார்.

"குடும்பத்துல சின்ன வயசுல யாரும் திடீர்னு இறந்திருக்காங்களா?"

"அப்படி யாரும் இல்ல டாக்டர்," என்றார் விவியனின் அம்மா கெர்ட்ரூட்.

சுத்தப் பொய். விவியனின் அண்ணன் கிளென் பதினேழு வயதில், ரப்பர் தோட்டத்து வீட்டில் செத்தவன். முனி அடித்தது என்றார்கள். முனி அடித்தவன் பேரை எடுத்தால் அது அடுத்த ஆளைக் கேட்குமாம். மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற வீட்டில் இந்தக் கூத்து! விவியனும் அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த எரிச்சல் அவளுக்கு அடங்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம் ஜானிஸ் தூங்கினாள். டியூஷனுக்கு எழுப்ப, விவியன் அவள் தலைமாட்டுக் கடிகாரத்தில் 3.00 மணிக்கு அலாரம் வைத்தாள்.

அடிக்கவில்லை. பின்பக்க விசையை யாரோ அணைத்திருந்தார்கள்.

"ஏம்மா நிப்பாட்டினீங்க?"

"நான் அந்தப் பக்கமே போகலலா."

3.10க்கு வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அறையில் ஒட்டுப்பால் நாற்றம்... ரப்பர் மரமே இல்லாத டவுனில்.

3.09.

டிக்... விசை தானாகக் கீழே இறங்கியது.

பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. கைப்பேசியில் சத்தத்தை முழுசாகக் கூட்டி, 3.14க்கு வைத்து, மகள் காதருகே கொண்டுபோனாள்.

"யாரா இருந்தாலும் இத நிப்பாட்டிப் பாருலா!"

3.14...

திரை அணைந்தது.

காதோரம் மூச்சு.

"வேணாம் பாப்பா..."

விவியனை அப்படிக் கூப்பிட்டவன் அண்ணன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை டாக்டர் பதிவைக் காட்டினார்.

"பரம்பரையா வர்ற கோளாறு. ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இவ இதயம் மறுபடி தயாராக ரொம்ப நேரம் எடுக்குது. தூக்கத்துல திடீர்னு மணி அடிச்சா நின்னே போகலாம். மருந்து இருக்கு. வீட்டுல எல்லாரையும் சோதிக்கணும்."

விவியன் அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். "இப்பவாவது சொல்லுங்க. அண்ணன் எப்படிச் செத்தான்?"

கெர்ட்ரூட் மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"ரப்பர் மரம் சீவிட்டு வந்து தூங்கினான். மூணு மணிக்குப் பந்து விளையாட எழுப்பச் சொன்னான். நான்தான் காதுகிட்ட அலாரம் வச்சேன். அடிச்சுது... எந்திரிச்சான்... விழுந்துட்டான்."

"அப்ப முனி?"

"மொதல்ல முனின்னு சொன்னதே நான்தான்."