என் பேரை அழிக்கப் போன நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் ஆட்டுத்தலை வாட்டுவார்கள். மயிர் பொசுங்குகிற அந்த வாசனையில் மற்றவர்களுக்குப் பசி எடுக்கும். எனக்கு ஒரு கை நினைவுக்கு வரும். முழங்கைக்குக் கீழே, உட்பக்கத்தில், என் பேர் எழுதியிருந்த கை. ஜன்னலைச் சாத்துவேன், திறப்பேன், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் எங்கிட்டாவது நடக்கத் தொடங்கிவிடுவேன். ஐம்பதை நெருங்கியும் ஓரிடத்தில் இருக்கத் தெரியாத கால்கள் எனக்கு.

அந்தக் கைக்கு உரியவள் என் மனைவியாக இருந்தவள். கோர்ட்டில் இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம். சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. நான் ஊர் ஊராக வேலை மாறிக்கொண்டே இருந்தேன். அவள் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு முருங்கைப் போத்து நட்டாள். அது காய்ப்பதற்குள் சாமான் கட்டச் சொன்னேன். ஒருமுறை அவள் கட்டவில்லை.

அவர்கள் வீட்டில் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். கல்யாணமான புதிதில் ரேஷன் ஆபீசில் "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் பக்கத்தில் இல்லாத நாளில் அங்கேயே விழித்துக்கொண்டு நிற்பாள். அந்த வருஷத்துப் பூச்சொரிதல் திருவிழாவில், பச்சை குத்துகிற அம்மாவிடம் போய் உட்கார்ந்து என் பேரை எழுதிக்கொண்டு வந்தாள். கை வீங்கியிருந்தது. "இனிமே எவன் கேட்டாலும் கையைக் காட்டிருவேன், வாயைத் திறக்க வேண்டியதே இல்லை" என்று சிரித்தாள். அப்படியே வருஷக்கணக்காகக் காட்டிக்கொண்டும் இருந்தாள்.

பிரிந்த பின் கட்டுமாவடியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணனுக்கு அங்கே மீன் வியாபாரம். நெடுநாள் கழித்து ஒரு மதியம் போன் வந்தது.

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"கையில இருக்குறதை எடுத்துரலாம்னு இருக்கேன். பாக்குறவங்கெல்லாம் படிச்சுப்புட்டு, 'இவரு எங்க இருக்காரு, துபாயா?'ங்குறாங்க. எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்றது?"

அவளே தொடர்ந்தாள். "எங்க ஆத்தா வேற பயமுறுத்துது. பேருக்கு உரியவங்க உசுரோட இருக்கையில அதை அழிச்சா அவங்க ஆயுசுக்கு ஆகாதாம். நீங்க கூட வந்து பக்கத்துல இருந்தீங்கன்னா எனக்குப் பயமில்லாம இருக்கும்."

"நான் சாகுறேனா இல்லையான்னு பாத்துக்கிட்டே அழிக்கலாம்னு கூப்புடுறியா?"

"ஆமா. வாரீங்களா?"

போனேன். புதுக்கோட்டையிலேயே தோல் டாக்டரம்மா ஒருவர் லேசர் வைத்திருந்தார். அவர் அவள் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். முதல் எழுத்தின் மேல் தோல் சுருங்கி, வழுவழுவென்று தடித்திருந்தது.

"இது என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"முந்திரிக்கொட்டை எண்ணெய் வச்சேன்."

ஆதனக்கோட்டைப் பக்கம் அவளுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே முந்திரி வறுத்து உடைக்கிற பெண்களுக்குக் கொட்டை ஓட்டில் கசிகிற அந்த எண்ணெய் பட்டுக் கைத்தோல் உரியும். உரிகிற தோலோடு பேரும் உரிந்துவிடும் என்று இவளாகக் கணக்குப் போட்டு, ஒரு எழுத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். புண்ணாகிச் சீழ் வைத்ததும் பயந்து நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மா கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். "மை தோலுக்கு மேல இல்லம்மா, உள்ள இருக்கு. மேல எரிச்சா தழும்புதான் மிஞ்சும். இந்த எழுத்து முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன். மத்தது குறையும். ஒரே தடவையில போகாது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல தோல் ஆறணும், ரெண்டு மாசமாவது விடணும்."

"லேசர் வச்சு எடுத்துருவீங்கன்னாங்களே?"

"லேசர் எடுக்குறதில்ல. மையை உடைக்கும். உடைஞ்ச தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு போறது உங்க உடம்புதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பேர் பொடிப்பொடியாகி அவள் ரத்தத்தில் போகும். நான் குடியிருந்த எந்த ஊரிலும் என்னை அத்தனை மெதுவாக யாரும் அனுப்பிவைத்ததில்லை.

மரத்துப்போகிற களிம்பு தடவி உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். பிறகு அந்தச் சத்தம். ரப்பர் பேண்டை இழுத்து இழுத்துச் சுண்டினால் வருமே, அப்படி. சுடச்சுட எண்ணெய்த் துளி தெறிப்பது மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னாள். குளிர்ந்த காற்றை ஒரு குழாய் ஊதிக்கொண்டிருந்தது. அதையும் மீறி மயிர் பொசுங்குகிற வாசனை எழுந்தது. லேசர் பட்ட இடமெல்லாம் எழுத்து வெள்ளையாகப் பொங்கியது, சுண்ணாம்பால் என் பேரை மேலெழுதின மாதிரி. கொஞ்ச நேரத்தில் வெள்ளை அடங்கி, கறுப்பு அப்படியே இருந்தது, முன்னைவிடத் தெளிவாக, சிவந்து வீங்கி.

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். இதை எங்கே எழுதினாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது. போகவில்லை, போகவில்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"கொப்புளம் வரும், உடைக்காதீங்க. அரிக்கும், சொறியாதீங்க. வெயில் படக்கூடாது. நம்ம நிறத்துக்குச் சில பேருக்கு அந்த இடம் வெளிறிப் போகும், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா.

"வெளிறினா ஊர்ல வேற பேரு வச்சிருவாங்களே" என்றாள். வீட்டில் கேட்டால் மீன் பொரிக்கையில் எண்ணெய் தெறித்தது என்று சொல்லப் போவதாகச் சொன்னாள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் தெரியாமல்தான் வந்திருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். கையை மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், தூங்குகிற பிள்ளையைப் பிடிப்பது மாதிரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பஸ் கிளம்பியது. மறுநாள் காலையிலேயே போன்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

இப்படி ஆரம்பித்தது. புண் ஆறி, தோல் தெளிந்து, அவள் வருவாள். ஆஸ்பத்திரி, டீ, பஸ். மறுநாள் காலையில் இருக்கீங்களா. கூட வாழ்ந்த காலத்தில் நாங்கள் இத்தனை பொறுமையாக எதிரெதிரே உட்கார்ந்ததில்லை. பஸ் தாமதமானால் எனக்குக் கொண்டாட்டம். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி நிற்கையில், அண்ணன் வீட்டுக் கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்குவதாகச் சொன்னாள். பக்கத்தில் இன்னொரு கொல்லை இருக்கிறதா என்று கேட்க நாக்கு வரை வந்தது. மழை விட்டுவிட்டது.

ஒவ்வொரு தடவையும் அவள் கையைத்தான் முதலில் பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் கரைந்தது. பிறகு நடுவும் பழுப்பேறியது, நனைந்த பேப்பரின் பின்பக்கத்து மை மாதிரி. இந்தப் பேர் இருக்கிற வரைக்கும்தான் அவள் கட்டுமாவடியிலிருந்து பஸ் ஏறுவாள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, தோல் சீக்கிரம் ஆற வேண்டுமென்று அவள் தின்னும் மாத்திரைக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியாக நான் போன நாளில், டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்து, "நல்லாவே போயிருச்சு. முதல் எழுத்து மட்டும் தழும்புக்குள்ள நிக்குது. இன்னும் ரெண்டொரு தடவை பாக்கலாம், ஆனா ஒரு நிழல் இருக்கத்தான் செய்யும். இதோட நிறுத்தினாலும் சரிதான்" என்றார்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "போதுமே. இனிமே யாராலயும் படிக்க முடியாது."

அவள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "எனக்கு முடியுதே" என்றாள்.

டீ வேண்டாம் என்றாள். கட்டுமாவடிக்கு மாறிப் போகிற அறந்தாங்கி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். கண்டக்டர் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தான்.

"அடுத்து எப்ப?" என்றேன்.

"அண்ணிக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சு. நல்லாத் திட்டிட்டு, அப்புறம் தானே கூட வாரேன்னுச்சு."

"நானும் வந்து நிக்கிறேனே. ஒனக்குப் பயமா இருக்கும்ல?"

"இத்தனை தடவை அழிச்சாச்சு, கல்லு மாதிரித்தானே நிக்கிறீங்க. அந்தப் பயம் போயிருச்சு." கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னையே பார்த்தாள். "நீங்க பக்கத்துல உக்காந்து பாக்குறீங்கல்ல, அதுதாங்க வலிக்குது. லேசர் வலிக்கல."

பஸ் நகர்ந்தது. கூடவே நாலடி நடந்தேன்.

"நடந்து வராதீங்க. அங்கிட்டு வண்டி வருது பாருங்க. ஓரமா நில்லுங்க."