சீர்த்தட்டில் வந்த என்ஜின் ஆயில்

எங்கள் பக்கம் ஒருவர் புது வண்டி வாங்கிவிட்டால், மறுநாளே ஊர் முழுக்க மெக்கானிக் ஆகிவிடும். "என்ன ஆயில் ஊற்றலாம்?" என்று வாயைத் திறந்தால் தொலைந்தோம். சாந்தமேரி திறந்தாள்.

சாந்தமேரி என்னைவிட மூத்தவள்தான், ஆனாலும் நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கிள்ளான் பக்கம் காப்பாரில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருக்கிறாள். குலை தள்ளிய வாழை மரங்களை ஜோடி ஜோடியாக வெட்டி, பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய், கல்யாண மண்டபத்து வாசலில் கட்டிவிட்டு வருவது அவள் தொழில். கூடவே போய்த் தென்னங்குருத்துத் தோரணம் பின்னுகிறவள் நான். ரமணி என்றால் பிரிக்பீல்ட்ஸ் மண்டபக்காரர்களுக்குத் தெரியும், என் வாயும் தெரியும். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். அதனால் இதுவரை ஒரு வாழை மரமும் சாய்ந்ததில்லை.

அவளுடைய பழைய பிக்கப் போன வருஷம் ஃபெடரல் ஹைவேயில் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை வெறும் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டார். பெண்ணின் அம்மா எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பி வரும்போது சாந்தமேரி, "போதும் ரமணி, புதுசு எடுத்துடறேன்" என்றாள். அந்த வாரமே ஷோரூமுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. அவளுக்கு ஒரே அண்ணன், கொர்னேலியஸ். கிள்ளானில் லோரி பட்டறை வைத்திருக்கிறார். பழைய வண்டிக்கு நட்டு போல்ட்டு வரைக்கும் அவர் கைதான். தங்கச்சிக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இன்னமும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி எடுத்துவிட்டாளே என்று மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்தால் "என்ன சாந்தமேரி" என்று முழுப் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சாந்தமேரி என் வீட்டுக்கு வந்து புலம்புவாள். "திட்டுனாக்கூடப் பரவால்ல ரமணி. அவரு வாயில எம் பேரைக் கேட்டா, யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு."

இந்த நிலையில்தான் ஆயில் ஆராய்ச்சி. முதல் சர்வீஸ் வர நாள் இருந்தது, ஆனால் சாந்தமேரி எதையும் முன்கூட்டியே பார்த்துவைக்கிற ரகம். மேரு ரோட்டு ஆயில் கடைக்காரர், கெட்டியான ஆயில்தான் நம் வெயிலுக்குத் தாங்கும் என்றார். பூச்சோங்கில் மண்டபம் நடத்தும் ஐங்கரன், இருப்பதிலேயே விலை கூடியது எதுவோ அதை ஊற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர், பாம் ஆயில் தவிர எதை ஊற்றினாலும் ஓடும் என்றார். அவரிடம் நான் கேட்கவே இல்லை.

சாந்தமேரி யாரோடும் வாதாடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்தாள். அப்புறம் ஷோரூமுக்குப் போய்ப் புரியாததைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"இந்த வண்டிப் பைப்புல புகைய வடிகட்டற சாமான் ஒண்ணு இருக்கு, ரமணி. அதுல சேர்ற கரியை வண்டியே எரிச்சுடும். ஆனா ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிடும். கடைசில அடைச்சுக்கும். அதனால சாம்பல் கம்மியா இருக்கற ஆயில்தான் ஊத்தணும். டப்பா பின்னாடி சி திரீன்னு போட்டிருக்கணுமாம்."

"கெட்டியா இருக்கணுமாமா?"

"இதுக்கு லேசா இருக்கணும். விலை கூடினதுலயும் சாம்பல் அதிகமா இருக்கறது இருக்காம். எழுத்தைப் பார்த்துத்தான் வாங்கணும்லா."

சரி, ஆயில் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

வண்டியை மந்திரிக்க ஃபாதர் வந்த சனிக்கிழமை, வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். நான் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார், நல்ல மனுஷன். அந்த நேரம் பார்த்துக் கொர்னேலியஸ் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். புதுச் சட்டை. கையில் பெரிய பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் அவர் மனைவி ஒரு புடவைப் பெட்டியோடு வந்தார். அவர் மகன் ரோனி ஒரு பெரிய வாளி ஆயிலைத் தூக்கி வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். வாளிக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

 அது பிறந்த வீட்டுச் சீர். தங்கச்சிக்குக் கல்யாணத்துக்கு வைத்தார், பிள்ளைகளின் திருமுழுக்குக்கு வைத்தார், இப்போது வண்டிக்கு வைக்கிறார். ஆனால் வாளியில் இருந்தது லோரிக்கு ஊற்றுகிற கெட்டி ஆயில்.

"முதல் ஆயில் மாத்தறப்ப அண்ணன் கையால ஊத்தணும்" என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நான் சாந்தமேரி காதில், "பேசாம வாங்கிக்கோ. அப்புறமாத் தண்ணி பம்புக்கு ஊத்திடலாம். அவருக்கு எங்கே தெரியப் போகுது?" என்றேன். உலகத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அவள் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"அண்ணே, சீர் எனக்கு வேணும். இந்த ஆயில் மட்டும் வண்டிக்கு ஆகாது."

சாம்பல் கதையை அவரிடமும் மெதுவாகச் சொன்னாள். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "முப்பது வருஷமா லோரி ஓடுது என் ஆயில்ல. ஷோரூம்ல டை கட்டினவன் சொன்னது பெருசாப் போச்சா?" என்றார்.  விருந்துக்கு வைத்திருந்த பிரியாணியைத் தொடாமல் காரில் ஏறிவிட்டார். போகும்போது, "நல்லா இரு, சாந்தமேரி" என்றார்.

எல்லாரும் போனபிறகு நான் அவளைப் பிடித்து உலுக்காத குறைதான். "ஒரு பொய் சொல்லியிருந்தா என்னடி?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "ஆனா சர்வீஸ் அன்னிக்கு அவரே வந்து மூடியைத் திறப்பாரு ரமணி. அவரை ஏமாத்திட்டு, அவரு முகத்தைப் பார்த்துட்டு எப்படி நிப்பேன்?" சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். கோபத்தில் எனக்குச் சீக்கிரம் அழுகை வந்துவிடும்.

வாளி அப்படியே கொட்டகையில் இருந்தது. பூ வாடி உதிர்ந்தது. பம்பு ஆயில் கேட்டுக் கத்தியும் அவள் அதைத் தொடவில்லை, கடையில் வேறு வாங்கினாள். கல்யாண சீசன் வேறு. செராஸ், பூச்சோங், பிரிக்பீல்ட்ஸ் என்று வண்டி பறந்தது. ஒரு முகூர்த்தத்துக்குக்கூட வாழை பிந்தவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் மரத்தைக் கட்டி முடித்ததும் அவள் போனை எடுத்துப் பார்ப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் கொர்னேலியஸ் அண்ணன் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "பானெட்டைத் திற" என்றார். என்ஜினையும் பைப்பையும், சர்வீஸ் தேதி எழுதி ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நேராகக் கொட்டகைக்குப் போய் வாளியைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வைத்த சீரைத் திரும்ப எடுத்துப் போவதென்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இனி உனக்குப் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம். சாந்தமேரி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தெருவரைக்கும் ஓடி, போகிற காரைப் பார்த்து என் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்காது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

முதல் சர்வீஸ் நாள் வந்தது. கிள்ளானில் இருக்கிற கம்பெனிப் பட்டறைக்கு நானும் கூடப் போனேன். அவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் கொர்னேலியஸ் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அதே புதுச் சட்டை. மடியில் அதே பித்தளைத் தட்டு. புது வெற்றிலை, புதுப் பூ. காலடியில் இரண்டு டப்பா ஆயில்.

சாந்தமேரி அசையவில்லை. நான்தான் போய் ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் சி திரீ என்று இருந்தது.

"அன்னிக்கு எடுத்துட்டுப் போனீங்களே" என்றேன். குரல் எனக்கே கடுப்பாகத்தான் கேட்டது.

"கடையில குடுத்து மாத்தத்தானே எடுத்துட்டுப் போனேன்" என்றார். "நீங்க என்ன நெனச்சீங்க?"

நான் டப்பாவை மெல்லக் கீழே வைத்தேன்.

அவர் தங்கச்சியைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பட்டறைக்கு ஒரு பிக்கப் வந்துச்சு. இதே மாதிரிதான். இழுக்கவே மாட்டேங்குது. என்ன ஆயில்னு கேட்டா, நான் ஊத்தற ஆயில். வடிகட்டியைக் கழட்டி மாத்திட்டேன். எனக்கு மனசு கேக்கல. பழசைக் கிரைண்டர்ல வெட்டிப் பார்த்தேன்." அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "சாம்பல், பாப்பா. தட்டத் தட்டக் கொட்டுது. ஊதுபத்திச் சாம்பல் மாதிரி."

பாப்பா என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் அவர் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து வந்த மலாய் ஃபோர்மன் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு "போலே" என்றார், ஊற்றலாம். தட்டில் இருந்த பூவையும் அண்ணன் கையில் இருந்த பழைய கிரீஸ் கறையையும் பார்த்தார். ஆபாங்கும், அதாவது அண்ணனும், மெக்கானிக்கா என்று மலாயில் கேட்டார். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று பெரிய எழுத்தில் போர்டு இருந்தது. அதைத் தாண்டி அண்ணனை அவரே கூட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அவர் மூடியைத் திறந்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார், ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினார். அளவுக்கம்பியை எடுத்துத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து, விட்டு எடுத்து, கண்ணாடி வழியாகத் தூக்கிக் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும், "அடுத்த ஆயில் எப்ப மாத்தணுமாம்?" என்று கேட்டார்.

"இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடணுமாம், அண்ணே."

"அவ்வளவு நாளாகுமா? சரி, ஓட்டுறதை ஓட்டு" என்றார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா. அன்னிக்குச் சாப்பிடாமப் போன பிரியாணிக்கு உன் அண்ணி இன்னும் என்னைத் திட்டறா."