ஏழு மணி வெயில்

மூன்று வருடத்துக்கு முன், பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தபோது தூத்துக்குடியில் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. தடதடவென்று படியேறி, கீழ்வீட்டுக்காரரிடம் எனக்கு ஏச்சு வாங்கிக் கொடுத்தவள், அந்தக் கோடையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தாள். தலை சீவச் சொன்னால் சீப்பைப் பாதியில் வைத்துவிடுவாள். இமை இரண்டும் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தன. அம்மாவின் மேக்கப் சாமானை எடுத்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"டாக்டர்ட்ட காட்டுவோமே" என்றாள் மனைவி. எனக்குத் தெரியாத வைத்தியமா! செல்போனே கதி என்று கிடந்தால் இப்படித்தான், காலை வெயில் பட்டால் சரியாகிவிடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் இடத்தில் சூப்பர்வைசர் நான். ஆட்களை வேலை வாங்கிப் பழகிய வாய். தினமும் ஏழு மணிக்கு அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஓடச் சொன்னேன். நாலு எட்டு ஓடிவிட்டு மணலில் உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள், "அப்பா, எந்திரிக்க முடியமாட்டேங்கு" என்றாள்.

"ஏளா, நடிக்காத" என்று சத்தம் போட்டேன். அவள் குப்புறத் திரும்பி, கையை ஊன்றி, தன் தொடையையே பிடித்துப் பிடித்து எழுந்தாள். நான் கை கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு முடியவில்லை என்று என்னிடம் அவள் சொல்லவே இல்லை.

அந்த வாரம் யூனிபார்ம் தைக்கக் கூட்டிப்போனேன். தையல்கார அம்மா டேப்பை எடுத்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னார். தூக்கிய கை உடனே விழுந்தது. மறுபடியும் விழுந்தது. நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, பிள்ளைய வையாதீங்க. அவ தூக்கத்தான் பாக்கா, கை நிக்கமாட்டேங்கு" என்றவர், அவள் விரல் முட்டியில் இருந்த சிவந்த தடிப்புகளைத் தடவிப் பார்த்தார். "இது சோம்பல் இல்ல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அளவு எடுக்காமலே கிளம்பினோம். ஒரு டாக்டர் மாற்றி இன்னொரு டாக்டர், கடைசியில் மதுரை. ஜுவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே அவளுடைய தசையையும் தோலையும் தாக்குகிறதாம். ஒட்டாது, யார் மேலும் தப்பில்லை, மருந்தால் கட்டுப்படுத்தலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கடைசியாக, "வெயில் மட்டும் படக்கூடாது, அது இதைக் கூட்டும்" என்றார். மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

மாத்திரையில் உப்பிய முகம் இப்போது வடிந்துவிட்டது. முழுக்கைச் சட்டை, தொப்பியோடு பள்ளிக்கூடம் போகிறாள். படியில் பழைய தடதடப்பு மட்டும் இன்னும் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து என்னை ஏசமாட்டாரா என்று ஏக்கமாக இருக்கிறது.

பொழுது சாய்ந்த பிறகுதான் கடற்கரைக்குப் போகிறோம். மணலில் இருந்து அவள் எழும்போது ஓடிப்போய்க் கையை நீட்டுகிறேன். "நானே எந்திரிச்சிருவேன்ப்பா" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறாள். அவள் எழுந்த பிறகும் அந்தக் கையை மடக்க எனக்கு மனம் வருவதில்லை. அன்றைக்கு ஏழு மணி வெயிலில் நீட்டியிருக்க வேண்டிய கை அது.