அழிப்பதற்கு முன் திறந்து பார்க்கவும்

லுணுகலைக் கடைத்தெருவில் பதுளை பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. எதிரே உள்ள ஸ்டூடியோவில், நிரம்பிப்போன என் மெமரி கார்டிலிருந்து படங்கள் சீடிக்கு ஏறுகின்றன. மாற்றுச் சட்டை ஒன்றும் கமராவும்தான் என் பயண மூட்டை. இரண்டாவது கார்டைப் பாரமென்று வீட்டில் விட்டுவந்த அறிவாளி நான்.

"ஏறிருச்சுங்க அய்யா. கார்ட அழிச்சிரவா?" என்கிறாள் கடைக்காரப் பெண்.

"பொறுங்கோ பிள்ளை. சீடியைத் திறந்து ஒவ்வொரு படமாப் பாத்திட்டுத்தான் அழிக்க வேணும்."

அரசாங்கக் கந்தோரில் தலை நரைத்தவன் நான். நகலை மூலத்தோடு ஒப்பிடாமல் ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை.

"நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள பஸ் பசறையத் தாண்டிரும்," என்று முணுமுணுத்தபடி படங்களைத் தட்டுகிறாள். வெளியே கொண்டக்டர் கத்துகிறான். நான் வாசலுக்கும் மேசைக்கும் நடக்கிறேன்.

நேற்றுப் பூனாகலையில் எடுத்த தேயிலைத் தோட்டத்து லயத்துப் படத்தில் அவள் விரல் நிற்கிறது. கலையென்று நினைத்து நான் எடுத்தது ஒரு மஞ்சள் கதவை. ஓரத்தில், தோளில் குழந்தையோடு ஒருவன் சிரிக்கிறான். பக்கத்தில் ஒரு பெண் அவன் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுகிறாள்.

"இது எங்க அக்கா புருசனுங்க," என்கிறாள் மெதுவாக. "கொழும்புல கடையில வேலை, லீவு தரமாட்றாங்கன்னு போன வாரங்கூட போன் பண்ணாரு."

பஸ் புறப்படுகிறது. நான் ஓடவில்லை.

"படமெல்லாம் சரியா ஏறியிருக்கு. இனி அழிக்கலாம்," என்கிறேன்.

அவள் கார்டை உருவிக் கைக்குள் பொத்திக்கொள்கிறாள்.

"சும்மா இருங்க அய்யா. மொதல்ல அக்கா பாக்கட்டும்."