தேங்காய்த் தண்ணீருக்குத் தாங்கும் தலை

கழக்கூட்டத்தில் ஒரு கருவிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மீனு எதையும் தானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. ஆட்டோ ஓட்டும் அப்பா, ஏறுகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டிலே முதல் எஞ்சினியர் எம் மவளாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளோ மூத்தவர்கள் குறித்துத் தரும் கருவியைப் பொருத்திவிட்டு வருவாள். இதற்குப் பேர் எஞ்சினியரா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பாள்.

ஆரியசாலையில் குற்றாலலிங்கம் அண்ணாச்சியின் சர்க்கரைவரட்டிக் கூடம் அவளுக்கு வந்த முதல் சோதனை. ஓணத்துக்காக, வறுத்த நேந்திரங்காயை வெல்லப்பாகில் புரட்டும் இடம். பாகின் சூடு கொஞ்சம் ஏறினால் கசப்பு, இறங்கினால் பிசுபிசுப்பு. சூட்டை அறியும் சென்சார் அண்டாவின் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்தது. ஆனால் கிண்டும் மோட்டார் ஓடினால் சுவர்ப் பெட்டியில் சூட்டைக் காட்டும் எண் குரங்காய்க் குதித்தது. சென்சாரின் மெல்லிய சிக்னலைப் பலப்படுத்தி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வேண்டும். "இந்தத் தடவை நீயே தேர்ந்தெடு" என்றுவிட்டார் மேலாளர்.

"சுவத்துப் பெட்டியிலே வச்சாப் போதுமடீ, நனையாது," என்றான் கூட வேலைபார்க்கும் ஆதர்ஷ்.

"பெட்டிக்கு வாறதுக்குள்ளே மோட்டார் வயர் பக்கத்திலே கிடந்து சிக்னல் கெட்டுப்போவுதே! சென்சார் தலையிலேயே வைக்கணும்."

தலை என்பது சென்சாரின் வெளிமுனையில் வரும் சிறு உலோகக் கூடு. அது எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும்? அப்போதுதான் மற்ற இயந்திரங்களைக் கவனித்தாள். எல்லாவற்றின் உச்சியிலும் சந்தனப் பொட்டு. அங்கிருந்து வெள்ளையாய் வழிந்து காய்ந்த கோடுகள். புது ஆட்டோ வந்தபோது அப்பா செய்தது நினைவுக்கு வந்தது. ரப்பர் வளையமும் திருகுமூடியும் உள்ள, தண்ணீர் புகாத தலையை எழுதிக்கொடுத்தாள்.

"கூரைக்குக் கீழே இருக்கிறதுக்கு மழைக்கோட்டா?" ஆதர்ஷ் சிரித்தான்.

பொருத்திய அன்று காலை பாகு கொதித்தது, மோட்டார் ஓடியது, எண் குதிக்கவில்லை. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். சூடம் காட்டினார், தேங்காயை உடைத்தார். "அண்ணாச்சி, வேண்டாம்!" என்று ஆதர்ஷ் பாய்வதற்குள் தண்ணீர் முழுக்கப் புதுத் தலையில் இறங்கிவிட்டது.

மீனு சுவர்ப் பெட்டியைப் பார்த்தாள். மூடியை இறுக்கினேனா? வளையத்தைப் போட்டேனா?

நூற்றுப் பதினெட்டு. எண் அசையவே இல்லை.

சுக்கு மணக்க, வரட்டி உதிரி உதிரியாய் வந்தது. முதல் கை அவளுக்கு. "மழைக்கோட்டு கொள்ளாம்," என்று பாராட்டி ஆதர்ஷும் ஒரு கை அள்ளினான்.

"மக்ளே, கிரைண்டருக்குன்னு இன்னொரு காய் வச்சிருக்கேன். அதையும் இதுக்கே உடைச்சிரட்டா?"

"உடையுங்க அண்ணாச்சி," என்றாள் மீனு, வாய் நிறைய வரட்டியோடு. "தண்ணிய நான் ஊத்துதேன்."